ஆம்பூர் ஆடு பினாங்கு போன கதை

பினாங்கிலிருந்து என் கணவர் எழுதிய கடிதத்தில் மூன்று பேர் புறப்பட்டு வரவேண்டும் என்று கண்டிருந்தது. கடுக்கா, தொரை, நான். அந்த வரிசையில்தான் எழுதியிருந்தார்.

கடுக்கா எங்கள் வீட்டு ஆடு. தொரை எங்கள் வீட்டு நாய். நான் ஆம்பூர் மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவருக்குத் தோல் தரம் பிரிக்கும் வேலை. பதனிட்ட ஆட்டுத் தோலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று சொல்லிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் வாணியம்பாடி வியாபாரி ஒருவர் பினாங்கில் தோல் கிடங்கு திறந்தபோது இவரைத்தான் கூட்டிப்போனார். அதற்கு ஒரு வருஷம் முன்பு கடுக்கா குட்டி. தோல் பதனிடப் போட்டிருந்த கடுக்காய் மூட்டையைப் பிரித்துத் தின்றுவிட்டு இரண்டு நாள் செத்ததுபோல் கிடந்தது. மூன்றாம் நாள் எழுந்து மறுபடி மூட்டைப் பக்கம் போனது. அந்தத் தைரியத்தைப் பார்த்து இவர் வீட்டுக்குத் தூக்கிவந்து, கடுக்கா என்றே பெயரும் வைத்துவிட்டார். பகலெல்லாம் ஆட்டுத் தோலோடு புழங்குகிறவர், வீட்டுக்கு வந்ததும் மூன்று முறை கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொடுவார். "வாசனை தெரிஞ்சா அதுக்கு மனசு கஷ்டப்படும் ஞானம்" என்பார்.

தொரை வெள்ளை நாய். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அதுதான் உட்காரும். எழுந்திரு என்றால் என்னைப் பார்த்து உறுமும். அதனால்தான் அந்தப் பெயர்.

கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அதில் கடைசியாக ஒரு வரி இருந்தது: "வேலை விட்டு வந்தால் வீடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, கடுக்கா இருந்தால் கதவையாவது முட்டுவாள்." மூன்றாம் நாள் பள்ளியில் சொல்லிக்கொண்டு மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

*

பிராணிகளைக் கப்பலில் ஏற்ற வேண்டுமானால் நோய் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட கடுதாசி வேண்டும். அதற்கு வேலூர் போகவேண்டும். பஸ்ஸில் கடுக்காவைக் கூரைமேல் கட்டினார்கள். தொரை என் காலடியில். வழி நெடுக, கூரையில் குளம்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பயணிகள் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பாலாற்று மணலைப் பார்த்தேன்.

மாட்டாஸ்பத்திரி குமாஸ்தா பாரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"ஆடு எதுக்குப் போவுது? கறிக்கா?"

"இல்லைங்க."

"அப்போ இனவிருத்திக்கா?"

"இல்லைங்க. வளர்க்கறதுக்கு. எங்க வூட்டுக்காரரு பார்க்கணும்னு எழுதியிருக்காரு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, ஆம்பூர்லேர்ந்து தோலு சீமைக்கெல்லாம் போயிருக்குது. தோலுக்குள்ள ஆட்டோட போறது இதான் மொத தடவ."

டாக்டர் உள்ளே இருந்து வந்தார். தொரை உறுமியதால் எட்ட நின்றபடியே இரண்டையும் பார்த்துவிட்டு, "ஆரோக்கியம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடுக்காவுக்கு வயிறு சற்றுப் பெருத்துத்தான் இருந்தது. பயணத்துக்குத் தாங்கட்டும் என்று நான் அள்ளி அள்ளி வைத்த தவிட்டின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஆரோக்கியம் என்று டாக்டரே எழுதிய பிறகு எனக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

*

எனக்குத் துணையாக வந்தவர் கரீம் பாய். வாணியம்பாடித் தோல் வியாபாரி. பினாங்குக்கு வருஷம் ஒருமுறை போய்வருகிறவர். ரயில் ஆம்பூரில் நின்றபோது தலையை வெளியே நீட்டி எங்கள் கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, ஆடு வழியனுப்ப வந்திருக்குதா?"

"அதுவும் வருது பாய்."

"யா அல்லா" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நாய்க்கு ரயிலில் தனிக் கூண்டு உண்டு. ஆட்டை கார்டு தன் வண்டியில், பார்சல்களோடு ஏற்றிக்கொண்டார். குடியாத்தம் தாண்டியதும் கரீம் பாய் தூக்குப்பாத்திரத்தைத் திறந்தார். ஆம்பூர் பிரியாணி. மூடியைத் திறந்ததும் பெட்டியில் பேச்சு நின்றது. எதிரில் இருந்த ஆர்க்காட்டுப் பெரியவர் வேறு பக்கம் பார்ப்பதுபோல் மூச்சை மட்டும் இழுத்தார். பாய் அவருக்கும் ஓர் இலை வைத்தார். நான் ஒரு கறித்துண்டை வாயருகே கொண்டுபோனபோது, நாலு பெட்டிக்கு அப்பால் இருக்கும் கடுக்காவின் ஞாபகம் வந்தது. சாப்பிட்டுவிட்டேன். ஆனால் கை கழுவப் போனபோது மூன்று முறை கழுவினேன் என்பது உண்மை.

காட்பாடியில் கார்டு ஓடிவந்தார். "யாரும்மா ஆட்டுக்காரி? பார்சல்ல ஒட்டியிருந்த சீட்டையெல்லாம் துன்னுட்டுது. எது அரக்கோணம் போவணும், எது மெட்ராஸ் போவணும் ஒண்ணும் தெரியல. இன்னா பேஜாரு இது!"

கரீம் பாய் இறங்கிப்போனார். பார்சல் ஒவ்வொன்றையும் முகர்ந்து, "இது வெல்லம், இது மல்லாக்கொட்டை, இது எங்க ஊரு தோலு, மெட்ராசுக்குத்தான்" என்று பிரித்துக் கொடுத்தார். வெல்லம் எந்த ஊருக்கு என்பது கடைசிவரை தெரியவில்லை. கார்டு அதை அரக்கோணத்தில் இறக்கிவிட்டார். அங்கே யாருக்கோ அன்று நல்ல நாள்.

*

சென்னைத் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் தொரை நடக்க மாட்டேன் என்று படுத்துவிட்டது. பின்னால் நூறு பேர் பெட்டியும் பாயுமாக நிற்கிறார்கள். ஏணிப் படியின் தலைப்பில் தொப்பி வைத்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் நின்றிருந்தார்.

"தொரை! மானத்த வாங்காத, எழுந்து நட!" என்று கத்தினேன்.

படியில் ஏறிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கல்லாகிப் போனார்கள். அதிகாரி மெதுவாக என் பக்கம் திரும்பினார். இந்தக் கடல்வழியில் பல வருஷம் போய்வந்தவர் போலிருக்கிறது. கொச்சைத் தமிழில், "நான் நடக்குது அம்மா, நான் நடக்குது" என்று இரண்டடி நடந்து காட்டினார். எனக்கு அப்படியே கடலில் குதிக்கலாம்போல் இருந்தது. நாயைக் காட்டினேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதன்பின் பயணம் முழுவதும் என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார்.

கரீம் பாய்க்கு இரண்டாம் வகுப்பு அறை. எனக்கு மேல்தட்டில் பாய் விரிக்கும் இடம். ஆடு கண்ணில் படும்படி இருக்கவேண்டும் என்று என் கணவர் கடிதத்திலேயே எழுதியிருந்தார். பக்கத்துப் பாயில் ஆலங்காயம் பக்கத்து முனியம்மா. புருஷனும் கைப்பிள்ளையுமாக ரப்பர் தோட்ட வேலைக்குப் போகிறவள். நாகப்பட்டினத்தில் இன்னும் நிறையப் பேர் ஏறினார்கள். அதற்கப்புறம் நீட்டிய காலை மடக்கினால் மறுபடி நீட்ட இடமில்லை.

முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் வாந்தி. தொரை என் பெட்டிமேல் தலையை வைத்துக்கொண்டு சாகப்போகிறதுபோல் பார்த்தது. உறுமவும் தெம்பில்லை. கப்பலிலேயே தள்ளாட்டமில்லாமல் இருந்த ஜீவன் கடுக்கா ஒன்றுதான். முன்பக்கத்தில், சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்த ஆடுகளை அடைத்த பட்டியிலேயே அதையும் விட்டிருந்தார்கள். அடையாளத்துக்கு என் பழைய நீலச் சேலைத் துண்டைக் கழுத்தில் கட்டியிருந்தேன். முன்பின் தெரியாத ஆடுகளோடு அது நின்று அசைபோடுவதைப் பார்த்தால், எந்த ஊர், எவ்வளவு நாள் பயணம் என்று விசாரிப்பதுபோல் இருக்கும்.

*

நாலாம் நாள் காலை முனியம்மா என் தோளை உலுக்கினாள்.

"யக்கா, உன் ஆட்டை இஸ்துகினு போறான்!"

ஓடினேன். கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். சிட்டகாங்குப் பக்கத்து மனிதர். தாடி, கட்டுமஸ்தான உடம்பு, இடுப்பில் கத்தி. ஒரு கையில் கடுக்காவின் கயிறு. கழுத்தில் நீலத் துண்டைக் காணோம். பட்டியில் பக்கத்து ஆடு ஒன்று அதன் கடைசி நூலை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"அது என் ஆடு!" என்று தமிழில் கத்தினேன். அவர் இந்துஸ்தானியில் பதில் சொன்னார். அதற்குள் கரீம் பாய் லுங்கியைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

"எல்லா ஆடும் யாரோ ஒருத்தரோட ஆடுதான், நேத்து வரைக்கும்னு சொல்றாரு" என்றார் பாய்.

"கூப்பிட்டா வரும்னு சொல்லுங்க பாய். கடுக்கா! கடுக்கா!"

பட்டியில் இருந்த அத்தனை ஆடும் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தன. கடுக்கா மட்டும் பார்க்கவில்லை. அது பண்டாரியின் லுங்கி நுனியைத் தின்றுகொண்டிருந்தது.

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷமாக அந்த ஆட்டைத் திட்டாத நாளில்லை. பிள்ளைகளின் சிலேட்டுப் பையைத் தின்றிருக்கிறது. பைபிளில் இரண்டு பக்கம் தின்றிருக்கிறது. ஆனால் கத்தியைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டது. அவர் கயிற்றை இழுக்கிறார், நான் கொம்பை இழுக்கிறேன். கப்பலில் யார் முன்னாலும் அழக்கூடாது என்று வந்தவள், அழுதுகொண்டே இழுத்தேன்.

"இருங்க, இருங்க, ரெண்டு பேரும் வுடுங்க" என்றார் கரீம் பாய். "எனக்குத் தெரிஞ்ச வேலை இன்னான்னு இப்போ பாருங்க."

பட்டிக்குள் போய் ஒவ்வோர் ஆட்டின் முதுகையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். "இது வடக்கத்தி. இதுவும் வடக்கத்தி, மயிரு நீட்டம். இது நெல்லூர்ப் பக்கம்." கடைசியாகக் கடுக்காவைத் தடவினார். "இது நம்மூரு. மேலு எப்படி எண்ணெய் தேச்சாப்ல இருக்குது பாருங்க. நாப்பது வருஷமா இந்தத் தோலைத் தொட்டுகினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?" பிறகு கையை வயிற்றுப் பக்கம் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

"டீச்சரம்மா, உங்க டாக்டரு இத்தைத் தொட்டுப் பார்த்தாரா?"

"தூர நின்னு பார்த்தாரு."

"அதான். இது ஒரு உசுரு இல்ல. மூணு."

பண்டாரிக்கு அதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கத்தியை எடுத்துப் பின்பக்கம் செருகிக்கொண்டார். குனிந்து மடியைத் தொட்டுப் பார்த்து, இந்துஸ்தானியில் ஏதோ கோபமாகச் சொன்னார்.

"இன்னா சொல்றாரு பாய்?"

"இன்னிக்கோ நாளைக்கோங்கற ஆட்டைக் கப்பல்ல ஏத்தின பொம்பளைக்குப் புத்தி இருக்குதான்னு கேக்கறாரு."

மறுநாள் மாலை, வெயில் தணிகிற நேரத்தில், இரண்டு குட்டிகள். பிரசவம் பார்த்தவர் பண்டாரிதான். அவர் வீட்டில் பன்னிரண்டு ஆடு உண்டாம். சமையலறைச் சாக்கை விரித்து, வெந்நீர் கொண்டுவந்து, கடுக்காவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது குட்டி மூச்சு விடாமல் கிடந்தது. அதன் மூக்கில் வாயை வைத்து ஊதினார். அது தும்மியதும் மேல்தட்டே கைதட்டியது. தொப்பிக்கார அதிகாரி வந்து பார்த்துவிட்டு, என் கடுதாசியில் "ஓர் ஆடு" என்ற இடத்துக்குப் பக்கத்தில் "கடலில் பிறந்த இரண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தத் தேசத்து ஆடு என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். "கப்பல் தேசம்" என்றார்.

அன்றிலிருந்து பண்டாரி தினமும் கடுக்காவுக்குக் கஞ்சி அனுப்பினார். அது எனக்குக் கொடுத்த கஞ்சியைவிட நன்றாக இருந்தது. ருசி பார்த்துத்தான் சொல்கிறேன்.

*

பினாங்கு மலை தெரிந்த காலையில் முனியம்மாவின் பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அம்மை. கப்பல் டாக்டர் பார்த்தார். கரையிலிருந்து வந்த டாக்டர் பார்த்தார். மேல்தட்டுப் பயணிகள் அத்தனை பேரும் பக்கத்துத் தீவில் ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் ஊருக்குள் வரலாம் என்று உத்தரவாயிற்று.

பிராணிகளைப் பார்க்க வேறோர் அதிகாரி வந்தார். வேலூர் டாக்டரைப்போல் எட்ட நிற்கவில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்தார், காதுக்குள் பார்த்தார், கண்ணிமையைப் புரட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடு, குட்டி, நாய் எல்லாம் சரி, இறங்கலாம் என்றார்.

ஆம்பூரில் புறப்பட்டதிலிருந்து இவற்றை உள்ளே விடுவார்களா என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். என்னை விடமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கரீம் பாய் இரண்டு குட்டிகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடுக்காவையும் தொரையையும் பிடித்தபடி கரைப் படகில் இறங்கினார். எங்களைத் தீவுக்குக் கொண்டுபோகும் படகு அதை ஒட்டி நின்றது. கரைப் படகில் யாரோ ஒல்லியாக, தொப்பி வைத்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றியபிறகுதான் அவர் என்று தெரிந்தது. என்னைத் தேடுகிறார், கூட்டத்தில் தெரியவில்லை. நான் கையை ஆட்டினேன். அவர் கண்டுகொண்டார். பதிலுக்குக் கையை ஆட்டலாம் என்றால், அதற்குள் பாய் இரண்டு குட்டிகளையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். ஆகவே ஒரு குட்டியின் முன்னங்காலைப் பிடித்து என்னைப் பார்த்து ஆட்டினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் கணவர் எனக்குச் சொன்ன முதல் வணக்கம் அது.

படகுகள் பிரிந்தன. அப்போது தொரை பாயின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஒரே தாவாகத் தாவி எங்கள் படகில் விழுந்தது. விழுந்த வேகத்தில் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பிடித்துத் தள்ள வந்த படகுக்காரனைப் பார்த்து உறுமியது.

"இந்தப் படகுல ஏறினது எதுவும் திரும்பிப் போகக்கூடாது" என்றார் எங்களோடு தீவுக்கு வந்த அதிகாரி. சரி என்று அதன் முதுகில் கையை வைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருஷத்தில் நான் அதைத் தொட்டது அதுதான் முதல் முறை.

*

தீவில் நீளமான கொட்டகைகள். பச்சரிசிச் சோறு, கருவாடு, மருந்து போட்டு வெந்நீர்க் குளியல். துணியை ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்கள். என் சேலை சுருங்கிப் பாவாடையானது. முதல் இரண்டு நாள் பெண்கள் அழுதார்கள். முனியம்மா தன் பிள்ளையால்தான் இத்தனை பேருக்கும் கஷ்டம் என்று மூலையில் குறுகிக் கிடந்தாள்.

மூன்றாம் நாள் தொரை அவள் சோற்றுத் தட்டருகே போனது. "த, போ அந்தாண்ட!" என்றாள். பிறகு பெயர் நினைவு வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக, "தொரை, உக்காரு" என்றாள். கருவாடு கிடைக்கும் என்று அது உட்கார்ந்தது. "தொரை, கையக் குடு." கொடுத்தது.

கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இன்னும் நாலு நாளில் தோட்டத்துக்குப் போய் யார் முன்னால் கைகட்டி நிற்கப்போகிறார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரு கிழவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நிற்கவே இல்லை. "தொரை, எழுந்திரு!" "தொரை, வாலை ஆட்டு!" "தொரை, நாளைக்கு எனக்கு உடம்பு சரியில்ல, வேலைக்கு வரமாட்டேன்!" ஒரு வாரமும் தொரைக்குக் கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. முனியம்மாவின் பிள்ளைக்குக் கொப்புளம் உதிர்ந்து, அது நாயின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியது.

பிரிகிற அன்று அவர்களைத் தோட்டத்துப் படகில் ஏற்றினார்கள். முனியம்மா என் கையைப் பிடித்தாள். "வர்றேன்க்கா" என்றாள். படகு கண்ணுக்கு மறையும்வரை தொரையும் நானும் நின்றிருந்தோம்.

*

படித்துறையில் அவர் காத்திருந்தார். மெலிந்திருந்தார்.

"ரொம்பக் கஷ்டமா ஞானம்?"

"கம்மிதான்" என்றேன்.

பெட்டியை அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்து, என் சுருங்கிய சேலைத் தலைப்பைப் பிடித்து ஒரு முறை இழுத்துவிட்டார். எனக்கு அது போதும்.

வீடு சீனர் தெருவில். கீழே தோல் கிடங்கு, மேலே நாங்கள். பின்கட்டில் கடுக்காவும் குட்டிகளும். என் வயதுள்ள ஒரு சீனப் பெண் குட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பக்கத்து வூடு. ஆடு வந்ததுலேர்ந்து இங்கதான்" என்றார் அவர். தெருவில் எல்லாருக்கும் ஆட்டைத் தெரிந்திருந்தது. என்னை ஆட்டுக்காரரின் மனைவி என்று கண்டுகொண்டு தலையாட்டினார்கள்.

அவளோடு பேச என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. உட்கார்ந்து பால் கறந்தேன். காய்ச்சி ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினேன். அவளும் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தாள். பாவம், பால் குடித்துப் பழக்கமில்லை போலிருக்கிறது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணில் நீர் முட்ட என்னைப் பார்த்தாள். எப்படியோ விழுங்கிவிட்டு எழுந்து விடுவிடுவென்று போய்விட்டாள்.

வந்த முதல் நாளே ஒருத்தியை விரட்டியாயிற்று என்று நினைத்தேன். அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு தட்டு. அதில் நாலாக வெட்டிய முட்டை, சாம்பலிலும் சுண்ணாம்பிலும் ஊறவைத்துப் பதப்படுத்தியது என்று பிறகு அவர் சொன்னார். வெள்ளைக்கரு கறுப்பு. மஞ்சள்கரு பச்சை. வாசனை எங்கள் ஊர்த் தோல் ஊறப்போடும் தொட்டியை அடித்துப்போட்டது. இரண்டு கையாலும் நீட்டினாள்.

நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். என் முகம் என்ன ஆயிற்றோ தெரியாது. அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நானும் முட்டையை விழுங்காமலே சிரித்தேன். குட்டிகள் பயந்து தாயிடம் ஓடின.

"இன்னா அங்க சத்தம்?" என்று மேலேயிருந்து அவர் கேட்டார்.

பதில் சொல்ல வாயில் இடமில்லை. அவள் தன் கிண்ணத்தைக் காட்டி, கொஞ்சமே கொஞ்சம் என்று விரல் நுனியால் அளந்து, இன்னும் பால் ஊற்றச் சொன்னாள்.